மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகும் வலியா? இன்சூரன்ஸ் எதுவரை கைகொடுக்கும்?

“எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு மட்டும் ஏன் இன்னும் வலிக்குது?” - முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. கால் முழுசாகத் தேற ஒரு வருடம்கூட ஆகலாம். ஆனால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கு இன்சூரன்ஸ் தரும் அவகாசமோ சில மாதங்கள்தான். இந்த இடைவெளியில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

எது சகஜம், எது ஆபத்து?

முதல் சில மாதங்களுக்கு வீக்கம், லேசான சூடு, மடக்கும்போது ‘கிளிக்’ சத்தம், தையலின் வெளிப்பக்கம் மரத்துப்போவது எல்லாம் சகஜம். ஐந்தில் ஒருவர் வரை, நீண்ட நாளைக்கு ஓரளவு வலி இருக்கிறது. ஆனால் காய்ச்சல், தையலில் கசிவு, குறைந்துவந்த வலி திடீரென அதிகரிப்பது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத்திணறல் வந்தால் உடனே எமர்ஜென்சிதான்.

பிசியோதெரபிக்குப் பணம் கிடைக்குமா?

பாலிசியைப் பொறுத்து டிஸ்சார்ஜிலிருந்து 60, 90 அல்லது 180 நாட்கள் வரையிலான மருந்து, பரிசோதனை, பிசியோ செலவுகளைக் கேட்கலாம். பெரும்பாலும் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும். பிசியோ தேவை என்று டாக்டர் எழுதித் தந்திருப்பது அவசியம். அது டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருந்தால் இன்னும் நல்லது. அவகாசம் முடிந்த 15 நாட்களுக்குள் பில்களைத் தரச் சொல்லும் பாலிசிகளும் உண்டு. தேதியை போனில் ரிமைண்டராகப் போட்டு வையுங்கள்.

அடுத்த முழங்காலுக்கும் ஆபரேஷன் என்றால்?

கம்பெனி குரூப் பாலிசியில் அப்பா, அம்மாவைச் சேர்த்திருப்பவர்கள் வேலை மாறும் முன் கவனிக்க வேண்டிய இடம் இது. குரூப் பாலிசிகள் பலவற்றில் காத்திருப்புக் காலம் கிடையாது. தனியாக எடுக்கும் பாலிசியில் மூட்டு மாற்றுக்கு 36 மாதம் வரை காத்திருக்க நேரலாம் (விபத்துக்கு விலக்கு உண்டு). அதனால் ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே, அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா, ஏற்கெனவே கழித்த காலம் கணக்கில் வருமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

எந்தக் காகிதத்தைத் தூக்கிப்போடக் கூடாது?

இம்பிளான்ட் ஸ்டிக்கர். முழங்கால் இம்பிளான்ட்களுக்கு 2017-ல் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தபோது, அதன் பிராண்ட், பேட்ச் எண், விலையை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. பிறகு மறு ஆபரேஷன் தேவைப்பட்டாலோ, நிறுவனம் அந்த மாடலைத் திரும்பப் பெற்றாலோ உள்ளே இருப்பது எது என்று சொல்வது இந்தச் சீட்டுதான். டிபூய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு இம்பிளான்ட்கள் 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம்.

கிளெய்மை மறுத்தால்?

எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.