தொலைந்த கேம், மீண்டும் போனில்!

1997-ல் வெளியான, அமெரிக்காவின் வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் உருவாக்கிய துப்பறியும் கேம் 'பிளேடு ரன்னர்'. நான்கு சி.டி-க்களில் வந்தது. பின்னாளில் நிறுவனம் இடம் மாறியபோது, அதன் சோர்ஸ் கோடே தொலைந்துபோனது. புதிய கம்ப்யூட்டர்களில் கேம் முரண்டு பிடித்தது.

கைகொடுத்தவர்கள், 'ஸ்கம்விஎம்' என்ற இலவச மென்பொருளை உருவாக்கும் தன்னார்வலர்கள். சி.டி-யில் இருந்த புரோகிராமை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, அது எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொண்டு, அதே வேலையைச் செய்யும் கோடைப் புதிதாக எழுதினார்கள். சம்பளமில்லாமல், பல வருட உழைப்பு! 2019-ல் பலித்தது.

இன்று ஆண்ட்ராய்டு போனிலும் துப்பறிவாளர் மெக்காய், மழையில் நனைந்த லாஸ் ஏஞ்சல்ஸில் தடயம் தேடுகிறார். மவுஸுக்குப் பதில் விரல். சின்னத் தடயங்களைத் தொடுவதுதான் கொஞ்சம் பாடு.

ஒரு விஷயம். ஸ்கம்விஎம் கேமை இயக்கும், அவ்வளவுதான். படங்களும் குரல்களும் அசல் சி.டி-யிலிருந்தே வர வேண்டும். சி.டி. இல்லாதவர்கள் 'ஜி.ஓ.ஜி' தளத்தில் வாங்கலாம்.