உச்சிக்கு 100 மீட்டர் முன்னால் திரும்பினால் அது தோல்வியா?

இந்த எபிசோட்ல மலையேறுபவர்களைப் பற்றிப் பேசப்போறோம். அவங்க எப்படி ஏறுறாங்க என்பதைவிட, ஏற முடியாமல் போன நாளை எப்படிக் கணக்கு வைக்கிறாங்க என்பதுதான் எனக்குச் சுவாரசியமா இருக்கு. ஏன்னா அவங்ககிட்ட தோல்விக்கு இரண்டு தனித்தனிக் கணக்கு இருக்கு. ஒன்றை இன்னொன்றோடு குழப்பிக்கிட்டா உயிரே போகலாம்.

முதல் கணக்கு, பாறை ஏறுபவர்களுடையது.

1970-களில் ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியில் குர்ட் ஆல்பர்ட் என்ற இளைஞர் பாறை ஏறிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் பாறையில் அடித்திருக்கும் இரும்பு ஆணிகளைப் பிடித்து மேலே போவது சாதாரணம். ஆல்பர்ட், ஆணிகளைப் பிடிக்காமல் பாறையை மட்டும் பிடித்து ஏற முயன்றார். ஒரு பாதை முழுவதையும் அப்படி, விழாமல், கயிற்றில் தொங்கி ஓய்வெடுக்காமல் ஏறி முடித்தால், அந்தப் பாறையின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வரைந்து வைப்பார். இன்றைக்கு உலகம் முழுக்க 'ரெட்பாயின்ட்' என்று சொல்வது அதிலிருந்து வந்த பெயர்தான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஏறி முடிப்பதற்கு முன்னால் எத்தனை தடவை விழுந்தீங்க என்பது விதியிலேயே கிடையாது. ஐந்து தடவையோ ஐந்நூறு தடவையோ, கடைசியில் ஒரு தடவை சுத்தமா ஏறினால் போதும். அதனால்தான் பாறை ஏறுபவர்கள், இன்னும் முடிக்காத பாதையை 'என் ப்ராஜெக்ட்' என்கிறார்கள். தோற்றுப்போன பாதை என்று சொல்வதில்லை.

இதற்குப் பெரிய உதாரணம், அமெரிக்காவில் யோசெமிட்டியில் இருக்கும் எல் காப்பிட்டன் பாறையின் 'டான் வால்'. கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். டாமி கால்ட்வெல் அந்தப் பாதைக்காகப் பல வருஷம் உழைத்தார். 2001-இல் ஒரு விபத்தில் இடது ஆள்காட்டி விரலின் ஒரு பகுதியை இழந்தவர் அவர். கெவின் ஜோர்கெசன் என்ற இன்னொருவரும் அவரோடு சேர்ந்தார். 2014 டிசம்பர் கடைசியில் இருவரும் ஏறத் தொடங்கினார்கள்.

அந்தப் பாதை 32 பகுதிகளாகப் பிரிந்திருக்கு. ஒரு பகுதியில் விழுந்தால் அந்தப் பகுதியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி ஏறணும். கெவின் 15-ஆவது பகுதியில் விழுந்தார். திரும்பத் திரும்ப விழுந்தார். பிடிமானங்கள் பிளேடு மாதிரி கூர்மையானவை என்பதால் விரல் நுனித் தோல் கிழிந்துபோனது. தோல் ஆறுவதற்காகவே பாறையில் தொங்கும் கூடாரத்தில் படுத்துக் காத்திருந்தார். ஏறக்குறைய ஒரு வாரப் போராட்டத்துக்குப் பிறகு அந்தப் பகுதியைக் கடந்தார். 2015 ஜனவரி 14 அன்று இருவரும் உச்சியில் நின்றார்கள்.

இங்கே ஒவ்வொரு விழுகையும் ஒரு தகவல். கால் எங்கே வழுக்குது, எந்த விரலில் பலம் போதவில்லை, வெயில் தணிந்த பிறகு பிடி நல்லா இருக்கா என்று அது சொல்லிக்கொடுக்கும். ஆனால் இது நடப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கீழே பிடிப்பதற்குக் கயிறு இருக்கணும்.

இரண்டாவது கணக்கு, அந்தக் கயிறு பிடிக்காத இடத்தில் ஆரம்பிக்குது.

எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உடம்பு அங்கே தேறாது, தேய்ந்துகொண்டேதான் போகும். மூளைக்கும் ஆக்சிஜன் பற்றாது. அதனால் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்ற எண்ணத்தை அங்கே நம்பவே கூடாது. இதற்காகவே ஏறுபவர்கள் ஒரு நேரத்தை முன்கூட்டியே குறித்துவைப்பார்கள். உச்சி தெரிந்தாலும் சரி, அந்த நேரமானால் திரும்பணும். தெளிவா இருக்கும்போது எடுத்த முடிவு, தெளிவு போன பிறகும் காப்பாற்றும் என்பதுதான் இதன் யோசனை.

சுவீடனைச் சேர்ந்த யோரான் க்ரோப், தன் ஊரிலிருந்து நேபாளம் வரை சைக்கிளிலேயே வந்து எவரெஸ்ட் ஏறப் போனவர். 1996 மே மாதத் தொடக்கத்தில், தனியாக, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறினார். உச்சிக்கு ஏறக்குறைய 100 மீட்டர் இருக்கும்போது நின்று கணக்குப் போட்டார். மேலே போய்விடலாம், ஆனால் உயிரோடு இறங்கும் அளவுக்குப் பலம் மிஞ்சாது. திரும்பிவிட்டார். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தவர்! அதே மாதம் 23-ஆம் தேதி மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார்.

அந்த இரண்டு முயற்சிகளுக்கும் நடுவில்தான் மே 10 வந்தது. நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹால், முந்தின வருஷம் டக் ஹேன்சன் என்பவரை உச்சிக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். ஹேன்சன் 1996-இல் மறுபடி வந்தார். மதியம் 1 மணி, அல்லது 2 மணிக்குள் திரும்பணும் என்று பேசியிருந்தார்கள். ஹேன்சன் உச்சிக்கு வந்தபோது 4 மணி தாண்டிவிட்டது. ஹால் அவருக்காகக் காத்திருந்தார். புயல் வந்தது. இருவரும் திரும்பவில்லை. அந்த இரண்டு நாளில் எவரெஸ்டில் இறந்தவர்கள் மொத்தம் 8 பேர்.

புயல், கூட்டம், கயிறு கட்டுவதில் தாமதம் என்று பல காரணங்கள் உண்டு. ஒரே காரணத்தின் மேல் பழி போட முடியாது. ஆனால் போன வருஷத்து முடியாத முயற்சி, இந்த வருஷம் முதுகில் ஒரு பாரமா ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பதை யாரும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். செலவழித்த பணம், இழந்த விடுமுறை, வீட்டில் சொல்லிவிட்டு வந்த வார்த்தை, எல்லாம் 'இந்தத் தடவை விடாதே' என்று தள்ளும்.

அந்தத் தள்ளுதலுக்கு மசியாதவர் அமெரிக்காவின் எட் வீஸ்டர்ஸ். 1987-இல் எவரெஸ்ட் உச்சிக்கு ஏறக்குறைய 100 மீட்டர் முன்னால் திரும்பினார். 1990-இல் ஏறினார். 1993-இல் ஷிஷாபங்மாவின் மத்திய உச்சி வரை போனார். முதன்மை உச்சி அதைவிடக் கொஞ்சமே உயரம், ஆனால் நடுவில் இருந்த பனிமுகடு சரியும் நிலையில் இருந்தது. திரும்பிவிட்டார். 'ஏறிட்டேன்' என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. 2001-இல் மறுபடி போய் முடித்தார். அன்னபூர்ணாவிலும் 2000, 2002 இரண்டு தடவை திரும்பி, 2005 மே மாதம் ஏறினார். அதோடு 8,000 மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களும், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே, முடிந்தன. அவருக்கு உச்சி என்பது பாதி வழிதான். கீழே வந்து சேர்ந்தால்தான் ஏறியதாகக் கணக்கு.

அதனால 'விடாமுயற்சி வேணும்' என்று யாராவது பொத்தாம் பொதுவா சொன்னா, நான் முதல்ல ஒண்ணு கேட்பேன்: விழுந்தா பிடிக்கறதுக்குக் கயிறு இருக்கா? போட்டித் தேர்வோ, புதுத் தொழிலோ, விழுந்தாலும் எழுந்து நிற்க முடியும்னா நூறு தடவை விழுங்க, ஒவ்வொரு தடவையும் எங்கே வழுக்கினதுன்னு எழுதி வைங்க. உடம்பையோ, வீட்டையோ, அடுத்தவங்க சேமிப்பையோ அடகு வைக்கிற முயற்சின்னா, திரும்புற நேரத்தை இப்பவே, தலை தெளிவா இருக்கும்போதே குறிச்சுக்கோங்க. அதை ஒரு நண்பர்கிட்டயும் சொல்லி வைங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.