மதிப்பெண் நகராமல் நிற்கும்போது: ஜிமேட் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்கள்



உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நமக்கும் வணிகப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம்மிடம் படித்துவிட்டுப் பத்து ஆண்டு கழித்துக் குறுஞ்செய்தி அனுப்பும் முன்னாள் மாணவர்கள்தான் தொடர்பு. வேலைக்குப் போய் நாலைந்து வருடம் ஆனதும் சிலருக்கு எம்பிஏ படிக்கும் எண்ணம் வருகிறது. தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், எஸ்எம்யூ ஆகியவை இங்கேயே இருக்கின்றன. இன்சியாட் பள்ளியின் வளாகமும் 2000-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் உள்ளது. இத்தகைய பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் ஜிமேட் அல்லது ஜிஆர்இ எழுதுகிறார்கள்.

நமக்கு வரும் செய்தி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "டீச்சர், ஒரு மாசமா ஒரே மார்க்குதான் வருது. தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. என்ன பண்றதுன்னே தெரியல."

"இன்னும் நிறையப் பயிற்சி செய்" என்பதுதான் நம் வாயில் உடனே வரும் பதில். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பலன் தராத பதிலும் அதுவே. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் ஒருவரிடம் இன்னும் அதிகம் செய்யச் சொன்னால், அவர் தூக்கத்தைத்தான் குறைப்பார். வேறு என்ன சொல்லலாம் என்று பார்ப்போம். இதில் பாதி நம் உயர்நிலை 4 வகுப்புக்கும் பொருந்தும்.

முதலில் தேர்வின் அமைப்பு

ஜிமேட் தேர்வின் இப்போதைய வடிவம் 2023 நவம்பரில் வந்தது. 2024 பிப்ரவரி முதல் இது மட்டும்தான் நடப்பில் உள்ளது. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம்:

- கணிதத் திறன்: 21 கேள்விகள்
- மொழித் திறன்: 23 கேள்விகள்
- தரவு ஆய்வு: 20 கேள்விகள்

மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. மூன்று பகுதிகளுக்கும் சம எடை. பழைய தேர்வின் அளவுகோல் 200 முதல் 800 வரை இருந்தது. இரண்டையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது. பழைய 700-க்கு ஈடாகப் புதியதில் ஏறக்குறைய 645-ஐச் சொல்கிறார்கள். அண்ணன் அந்தக் காலத்தில் 700 எடுத்தார், நான் 645-இல் நிற்கிறேனே என்று வருந்தும் தம்பியிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். பாதிக் கவலை அங்கேயே தீரும்.

இன்னொரு முக்கியமான விஷயம்: இது கணினி தகவமைப்புத் தேர்வு. சரியாகச் செய்யச் செய்யக் கேள்விகள் கடினமாகும். ஆகவே நன்றாக எழுதுபவருக்கும் "எனக்கு ஒண்ணுமே தெரியல" என்ற உணர்வு வரும். அந்த உணர்வை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நிற்கிறதா, ஆடுகிறதா?

கடைசி நான்கு மாதிரித் தேர்வுகளில் 605, 625, 595, 615 என்று வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 625 வந்த அன்று மகிழ்ச்சி, 595 வந்த அன்று அழுகை. உண்மையில் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கேள்விகளின் அமைப்பு, அன்றைய தூக்கம், ஓரிரு ஊகங்கள் என்று சின்னச் சின்னக் காரணங்களாலேயே மதிப்பெண் இந்த அளவுக்கு ஆடும். எனவே ஒற்றை மதிப்பெண்ணைப் பார்க்காமல் மூன்று நான்கு தேர்வுகளின் சராசரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாதிரித் தேர்வு எது என்பதும் முக்கியம். தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிடும் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளில் முதல் இரண்டு இலவசம். மற்றவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஒரே தேர்வை மறுபடியும் எழுதினால், முன்பு பார்த்த கேள்விகள் வந்து மதிப்பெண் ஊதிவிடலாம். வெவ்வேறு நிறுவனங்களின் தேர்வுகளைக் கலந்து எழுதினால் அளவுகோலே மாறிவிடும்.

ஏன் நிற்கிறது?

கற்றலில் வரும் இந்தச் சமநிலம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் வில்லியம் பிரையன், நோபல் ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி ஊழியர்கள் மோர்ஸ் குறியீடு பழகுவதை ஆராய்ந்து 1897-இலும் 1899-இலும் கட்டுரைகள் எழுதினார்கள். செய்தி அனுப்பும் வேகம் சீராக ஏறியது. செய்தியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகமோ ஓரிடத்தில் வாரக்கணக்கில் நின்று, பிறகுதான் ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்கும் பழக்கம் நன்றாகப் படிந்த பிறகுதான் சொல்லாகவும் தொடராகவும் கேட்க முடிகிறது என்பது அவர்களின் விளக்கம். பிற்காலத்தில், 1958-இல், ஃபிரெட் கெல்லர் என்ற உளவியலாளர் இந்தச் சமநிலம் எல்லாருக்கும் வந்தே தீரும் என்பதை மறுத்தார்.

இரண்டையும் சேர்த்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் நிற்பது திறமையின் எல்லை வந்துவிட்டது என்பதற்குச் சான்று ஆகாது. அதே சமயம், காத்திருந்தால் தானாக நகரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இதுவரை ஏற்றிவிட்ட முறை அதன் வேலையை முடித்துவிட்டது. இனி முறை மாற வேண்டும்.

பலர் மாற்றாமல் விடுவது மாதிரித் தேர்வைத்தான். வாரத்துக்கு மூன்று எழுதுவார்கள். மாதிரித் தேர்வு நிலைமையைக் காட்டும் கருவி. வெப்பமானியை அடிக்கடி வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா?

ஒரே தவறான விடை, மூன்று காரணங்கள்

தரவு ஆய்வுப் பகுதியில் ஒருவகைக் கேள்வி உண்டு. விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லமாட்டார்கள்; கொடுத்த தகவல் போதுமா என்றுதான் கேட்பார்கள். நானே அமைத்த எளிய எடுத்துக்காட்டு:

ஓர் எண் என்ன?
தகவல் 1: அந்த எண்ணின் வர்க்கம் 49.
தகவல் 2: அந்த எண் பூச்சியத்தைவிடப் பெரியது.

முதல் தகவல் மட்டும் போதாது. 7-க்கும் வர்க்கம் 49, கழித்தல் 7-க்கும் வர்க்கம் 49. இரண்டாவது மட்டும் நிச்சயமாகப் போதாது. இரண்டும் சேர்ந்தால் போதும்.

ஒருவர் "முதல் தகவலே போதும்" என்று தவறாகக் குறித்துவிட்டார் என்று வையுங்கள். ஏன்?

1. எதிர்ம எண்ணின் வர்க்கமும் நேர்ம எண் என்பது அவர் நினைவில் இல்லாமல் இருக்கலாம். இது அறிவுக் குறை. அந்தப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும்.
2. தெரிந்திருந்தும், இரண்டாம் தகவலை முன்னதாகவே படித்து அதை முதலாவதோடு கலந்திருக்கலாம். இது செய்முறைக் குறை. ஒவ்வொரு தகவலையும் தனியாகப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.
3. 43-ஆவது நிமிடத்தில் அவசரமாகக் குறித்திருக்கலாம். இது நேரக் குறை. உண்மையான தவறு இந்தக் கேள்வியில் நடக்கவில்லை. அதற்கு முன் எங்கோ ஐந்து நிமிடம் செலவழித்த கேள்வியில் நடந்தது.

விடைத்தாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு. "கவனக்குறைவு, அடுத்த முறை கவனமா இருக்கணும்" என்று எழுதி மூடிவிட்டால் எதற்கும் மருந்து கிடைக்காது. மதிப்பெண் நிற்பவர்களின் குறிப்பேட்டில் "கவனக்குறைவு" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தவற்றுக் குறிப்பேடு

ஆகவே முதல் வேலை குறிப்பேடு. ஐந்து பத்திகள் போதும்: கேள்வி வகை, எடுத்துக்கொண்ட நேரம், ஏன் அந்த விடையைத் தேர்ந்தேன், தவற்றின் வகை, மறுபடி செய்ய வேண்டிய நாள். ஊகித்துச் சரியாக வந்த கேள்விகளையும் இதில் சேர்க்க வேண்டும். அவை அடுத்த முறை தவறாக வரக்கூடியவை.

கடைசிப் பத்தியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். விளக்கத்தைப் படித்ததும் "ஓ, இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்த உணர்வு ஏமாற்றும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பாடப்பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். எனவே விளக்கத்தைப் படித்த நான்கைந்து நாள் கழித்து, அதே கேள்வியை வெற்றுத் தாளில் மீண்டும் செய்ய வேண்டும். அப்போதும் வந்தால்தான் கோடு போட்டு அடிக்கலாம்.

நேரம்: விட்டுவிடத் தெரிய வேண்டும்

ஜிமேட்டில் விடை குறிக்காமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. பகுதியின் முடிவில் நேரம் மிச்சமிருந்தால் அதிகபட்சம் 3 விடைகளை மாற்றலாம். கேள்விகளை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் நன்றாகவே அடிபடும்.

பள்ளியில் முதல் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இங்கேதான் சிக்கல். எந்தக் கேள்வியையும் விடக்கூடாது என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். இங்கே மூன்று நிமிடம் தாண்டியும் வழி தெரியாத கேள்வியில் ஒன்றை ஊகித்துக் குறித்து, அடையாளம் வைத்துவிட்டு நகர வேண்டும். கணிதப் பகுதிக்கு எளிய கணக்கு: 7 கேள்வி முடியும்போது 30 நிமிடம் மிச்சம், 14 முடியும்போது 15 நிமிடம் மிச்சம். இந்த இரண்டு இடங்களில் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

மொழிப் பகுதி: நாம் நேரடியாக உதவலாம்

மொழித் திறன் பகுதியில் இப்போது இலக்கணத் திருத்தம் இல்லை. கருத்தறிதலும் வாத ஆய்வும்தான். தேர்வு ஆங்கிலத்தில் நடந்தாலும், வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் திறன் எந்த மொழியிலும் ஒன்றுதான். தமிழிலேயே பழக்கிக் காட்டலாம்:

"எங்கள் பேட்டையில் புதிய எம்ஆர்டி நிலையம் திறந்த பிறகு, அருகிலிருக்கும் காப்பிக்கடையில் வியாபாரம் கூடியது. ஆகவே, வியாபாரம் கூடியதற்கு நிலையமே காரணம்."

முடிவு எது, ஆதாரம் எது, சொல்லாமல் விட்ட ஊகம் எது? வேறு எந்தக் காரணமும் இல்லை என்பதே மறைந்திருக்கும் ஊகம். அதே மாதம் பக்கத்து உணவங்காடி நிலையத்தைப் புதுப்பிப்புப் பணிக்காக மூடியிருந்தால் வாதம் ஆட்டம் காணும். மதிப்பெண் நிற்பவர்கள் பெரும்பாலும் தெரிவுகளை முதலில் படித்து அதில் சிக்கிக்கொள்கிறார்கள். தெரிவுகளை மறைத்துவிட்டு, ஊகத்தைத் தன் சொல்லில் ஒரு வரி சொன்ன பிறகே திறக்கச் சொல்லுங்கள். தெரிவுவிடைக் கருத்தறிதலில் நாம் செய்யும் அதே பயிற்சிதான்.

ஆறு வாரத் திட்டம்

- வாரம் 1: புதிய தேர்வு எதுவும் வேண்டாம். பழைய நான்கு தேர்வுகளின் தவறுகளைக் குறிப்பேட்டில் வகைப்படுத்துவது மட்டும்.
- வாரம் 2, 3: அதிகம் வந்த இரண்டு குறைகளை மட்டும் எடுத்து, நேரக் கட்டுப்பாடின்றிச் சரிசெய்தல்.
- வாரம் 4: நேரம் வைத்து, கேள்வி வகைகளைக் கலந்து பயிற்சி. வார இறுதியில் ஒரு முழு மாதிரித் தேர்வு.
- வாரம் 5: அதன் தவறுகளைத் திருத்துதல், இன்னொரு முழுத் தேர்வு. உண்மையான தேர்வு எத்தனை மணிக்கோ அதே நேரத்தில்.
- வாரம் 6: குறிப்பேட்டை மட்டும் புரட்டுதல், தூக்கம். கடைசி இரண்டு மூன்று நாள் மாதிரித் தேர்வு வேண்டவே வேண்டாம்.

தள்ளிப்போடலாமா?

ஐந்தாம் வாரத் தேர்விலும் நகரவில்லை என்றால் இந்தக் கேள்வி வரும். குறிப்பேட்டில் இருப்பவை நேரக் குறைகளாகவோ பதற்றமாகவோ இருந்தால் எழுதிவிடுவதே நல்லது. வீட்டிலிருந்து அது தீராது. அறிவுக் குறைகளே இன்னும் அதிகம் என்றால், பள்ளியின் அடுத்த விண்ணப்பச் சுற்றைப் பார்த்துத் தேதியை மாற்றலாம். மறுபடி எழுத 16 நாள் இடைவெளி வேண்டும். 12 மாதத்தில் 5 முறை வரை எழுதலாம். மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். ஆகவே அந்த ஒருநாளோடு எதுவும் முடிந்துவிடாது. இதைச் சொல்லக் கேட்பதற்காகவே சிலர் நமக்குச் செய்தி அனுப்புகிறார்கள்.

நம் வகுப்பில்

முன்னோட்டத் தேர்வுக்குப் பிறகு நம் உயர்நிலை 4 மாணவர்களும் இப்படித்தான் நிற்கிறார்கள். சுயவிடைக் கருத்தறிதல் தாளைத் திருப்பித் தரும்போது, அடுத்த தாளை உடனே நீட்டாமல், இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே மூன்றில் ஒன்றை அவர்களையே எழுதச் சொல்லிப் பாருங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் எழுதத் தெரியவில்லை, நேரமில்லை. ஒரு பாடவேளை போதும். "தமிழ் எனக்கு வராது" என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, தான் இழந்ததில் பெரும்பகுதி விடையை முழு வாக்கியமாக எழுதாததால்தான் என்று அன்று கண்டுகொள்ளக்கூடும். அதற்குத் தேவைப்படுவது இன்னொரு தேர்வுத்தாள் இல்லை. வாக்கியம் எழுதும் பயிற்சி.