தொட்டித் தக்காளி நாற்றுகளைப் பக்குவப்படுத்துதல்

வட இந்தியச் சமவெளிகளில் கோடைத் தக்காளி பயிரிடுவோர் நவம்பர் மாதத்தில் விதைத்து, பிளாஸ்டிக் கூடாரத்தின் கீழோ தட்டிகளின் மறைவிலோ நாற்றுகளைக் காத்து, உறைபனியின் அச்சம் நீங்கிய ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ அவற்றை வெளியே நடுவது வழக்கம். விதையை வயலில் நேராக விதைக்காமல், குழித்தட்டுகளிலும் பாலித்தீன் பைகளிலும் சிறு தொட்டிகளிலும் நாற்று வளர்க்கும் முறை இப்பொழுது எங்கும் பரவியுள்ளது. பள்ளித் தோட்டங்களிலும் வீட்டு மாடிகளிலும் தக்காளியைத் தொட்டியிலேயே காய்க்கச் செய்வோரும் பலர்.

கூடாரத்தினுள் பச்சைப்பசேலென்று நின்ற நாற்று, வெளியே வைத்த இரண்டு மூன்று நாட்களில் இலை வெளுத்துத் தலைசாய்வதைக் கண்டு மனம் நொந்த உழவர் பலராவர். அவர் விதையைப் பழிக்கிறார். அல்லது மண்ணைப் பழிக்கிறார். பெரும்பாலும் குற்றம் இரண்டிலும் இல்லை. நிழலிலிருந்து வெயிலுக்கு நாற்று கொண்டுவரப்பட்ட விதத்திலேயே குற்றம் உள்ளது. இந்த இழப்பு சிறிதன்று. மீண்டும் விதைத்து நாற்று வளர்க்க ஒரு மாதத்திற்கு மேலாகும். அதற்குள் பருவம் நகர்ந்துவிடும். தக்காளி பூக்கும் காலம் ஏப்ரல், மே மாதங்களின் கடும் வெயிலில் வந்து விழும். பகல் வெப்பம் 35 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் மகரந்தம் பழுதுற்றுப் பூக்கள் உதிரும். ஆகவே ஒரு வாரப் பொறுமையின்மை ஒரு பருவத்து விளைச்சலையே குறைத்துவிடக்கூடும்.

நிழலில் வளர்ந்த இலை வெயிலுக்கு ஆயத்தமான இலையன்று. அதன் மேலுள்ள மெழுகுப் படலம் மெல்லியது. காற்று ஈரமாகவே இருந்த இடத்தில் வளர்ந்தமையால், அதன் இலைத்துளைகள் நீரிழப்பைத் தடுக்க விரைந்து மூடப் பழகவில்லை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறுத்தும் பொருள்களும் அதில் போதுமான அளவு உண்டாகவில்லை. இத்தகைய நாற்றைத் திடீரென்று வெட்டவெளியில் வைத்தால், வேர் உறிஞ்சுவதைவிட மிகுதியான நீரை இலை இழக்கின்றது; பச்சையம் சிதைந்து வெண்திட்டுகள் தோன்றுகின்றன. காற்றில் அசைந்து பழகாத தண்டும் எளிதில் வளைகின்றது.

இக்குறைகளை நாற்று தானே நிறைவு செய்துகொள்ள வல்லது. ஒளியும் காற்றும் சிறிது சிறிதாகக் கிடைத்தால், படலம் தடிக்கும், தண்டு பருக்கும், புதிதாக விரியும் இலைகள் வெளியின் தன்மைக்கேற்பவே அமையும். இதற்கு வேண்டுவது ஏழு முதல் பத்து நாள் அவகாசமே. வேளாண்மைத் துறையினர் இதனைக் ‘கடினப்படுத்துதல்’ என்பர். ஆயினும் நாற்றை வாட்டி வருத்துவது இதன் நோக்கமன்று. பக்குவப்படுத்துதல் என்று கொள்வதே தகும்.

முதல் இரண்டு நாள் தொட்டிகளைக் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் மரநிழல் போன்ற வெளிச்சமான நிழலில் வைத்து, பிறகு உள்ளே கொண்டு செல்ல வேண்டும். மூன்றாம், நான்காம் நாட்களில் காலை இளவெயில் ஒரு மணி நேரம் படலாம். ஐந்தாம் நாள் முதல் வெயில் நேரத்தை நாளுக்கு ஒரு மணியோ இரண்டு மணியோ கூட்டி வரலாம். நடுப்பகல் வெயிலைக் கடைசியாகவே காட்ட வேண்டும். இறுதி இரண்டு மூன்று நாட்கள் இரவிலும் வெளியே விடலாம். ஆனால் இரவின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழ் இறங்குமெனத் தோன்றினால் உள்ளே எடுத்துவிடுதல் நன்று. தக்காளி வெப்ப நாட்டுப் பயிர். எத்துணை பழக்கினாலும் அது உறைபனியைத் தாங்காது.

இந்நாட்களில் நீர் பாய்ச்சும் இடைவெளியைச் சற்று நீட்டலாம். மேல்மண் காய்ந்த பின் நீர் விட்டால் போதும். இலை வாடும் வரை காத்திருப்பது தவறு. தழைச்சத்து உரத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். அது மென்மையான தழையை மேலும் பெருக்கும். குழித்தட்டிலும் சிறு பையிலும் மண் குறைவாதலால், வெளியே வந்ததும் அது விரைவில் உலரும். கருநிறப் பைகள் வெயிலில் சூடேறி வேரைத் தாக்கும். அவற்றை நெருக்கி வைத்து, ஓரத்தில் ஈரச் சாக்கைச் சார்த்துவது எளிய பாதுகாப்பாகும்.

பக்குவம் மிஞ்சினாலும் கேடுண்டு. நாற்றைப் பல வாரங்கள் நீரின்றியும் குளிரிலும் நிறுத்தி வைத்தால், தண்டு மரத்தன்மை அடைந்து வளர்ச்சி குன்றும், முதற்காய்ப்பும் தாமதிக்கும். இலை சற்றுத் தடித்து, கரும்பச்சை நிறமுற்று, தண்டு நிமிர்ந்து நின்றால் நாற்று நடவுக்கு ஆயத்தமாயிற்று எனக் கொள்ளலாம். மேகமூட்டமான நாளிலோ மாலை வேளையிலோ நடுவது சிறப்பு. நெட்டையாக வளர்ந்துவிட்ட நாற்றாயின் தண்டின் ஒரு பகுதியையும் மண்ணுள் புதைக்கலாம். தக்காளித் தண்டு புதைந்த இடத்தில் வேர்விடும் இயல்புடையது.

வெளுத்த இலையைக் கண்டவுடன் நாற்றைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. வெந்த பகுதி மீண்டும் பச்சையாகாது. ஆனால் நுனிக்குருத்து உயிருடன் இருப்பின், நிழலில் வைத்து நீர் கொடுத்தால் புதிய இலைகள் தோன்றும்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். ஒரே நாளில் விதைத்து நிழலில் வளர்த்த பன்னிரண்டு தொட்டிகளுள் ஆறனை முதல் நாளே முழு வெயிலில் வைக்கவும். ஏனைய ஆறனை மேற்கூறிய முறைப்படி பழக்கவும். இரு தொகுதிக்கும் மண்ணும் நீரும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நாள்தோறும் இலையின் நிறத்தையும், வாடிய செடிகளின் எண்ணிக்கையையும், தண்டின் பருமனையும் மாணவர்களே குறித்து வரட்டும். களப்பணியாளர்களும் இத்தகைய இரு வரிசைகளை உழவர் கண்முன் வைப்பார்களாயின், அடுத்த முறை நாற்று வாடும்பொழுது உழவர் விதையைப் பழிக்குமுன், தாம் அதனை வெளியே கொண்டுவந்த விதத்தை எண்ணிப் பார்ப்பார்.