சருமம் அறிவோம் – 11: அவசரத்துக்கு அடங்காத களிம்பு

பருவுக்காகப் பூசியவர்கள் சிலர், முகச் சுருக்கமும் குறைந்திருப்பதாகத் தங்கள் டாக்டரிடம் சொன்னார்கள். பருக் களிம்பு ஒன்று இளமைக் களிம்பாகவும் பெயர் வாங்கிய கதை அங்கே தொடங்குகிறது.

மருந்தின் பெயர் ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ-யின் அமில வடிவம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் முன்னின்று உருவாக்கிய இந்தச் சிகிச்சைக்கு, 1971-ல் அமெரிக்காவில் பருவுக்கான அனுமதி கிடைத்தது. அதே கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகளின் தோலைச் சோதனைக்களம் ஆக்கியவர். அதற்காக அந்த நகர நிர்வாகம் 2022-ல் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கைதிகளை மறந்துவிட்டு இந்த மருந்தின் பெருமையைப் பேசுவது நியாயமில்லை.

1988-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. ஒரே ஆளின் ஒரு முன்கையில் ட்ரெட்டினாயின், மறு கையில் மருந்தில்லாத வெறும் களிம்பு. 16 வாரம் முடித்த 30 பேருக்கும் மருந்து பூசிய கையில் வெயிலால் வந்த மூப்பு குறைந்திருந்தது. பெரும்பாலானோருக்குத் தோல் சிவந்து உரியவும் செய்தது. பலனும் தொல்லையும் சேர்ந்தே வரும் என்பதை அப்போதே காட்டிவிட்ட ஆய்வு அது.

வெயில் பட்ட தோலில், தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனை அரிக்கும் நொதிகள் பெருகும். ட்ரெட்டினாயின் அவற்றை அடக்கி, புதுக் கொலாஜன் உருவாகத் தூண்டுகிறது. மேல்தோல் செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் கருமைத் திட்டுகளும் மெல்ல மங்கும். கடையில் கிடைக்கும் ரெட்டினால் சீரம், தோலுக்குள் போய் இரண்டு படி மாறித்தான் இதே அமிலமாகும். அதனால் வீரியம் குறைவு, எரிச்சலும் குறைவு.

பூசும் முறையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் வேண்டாம். முதலில் வாரம் இரண்டு மூன்று இரவுகள், மேலே மாய்ஸ்சரைசர். பழகியபின் கூட்டலாம். மாற்றம் தெரிய மூன்று மாதமாவது ஆகும். அவசரப்பட்டு அதிகம் பூசினால் தோல் புண்ணாகும். நம் மாநிறத் தோலில் அந்தப் புண் ஆறிய இடம் கறுத்துப்போகும். பகலில் சன்ஸ்கிரீன் இல்லையென்றால் இரவில் பூசியதற்கு அர்த்தமே இல்லை. கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடவே கூடாது.

எனக்குப் பெரும் கவலை தருவது வேறொன்று. மெடிக்கல் ஷாப்பில் ‘நிறம் கொடுக்கும் க்ரீம்’ என்று கேட்பவர் கையில் வந்துசேரும் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர்கள் இருக்கலாம். மூன்றாவது, ஸ்டீராய்டு. மங்குக்கு, டாக்டர் கண்காணிப்பில், சில வாரங்கள் மட்டும் பூசவேண்டிய கலவை இது. முதல் சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். அந்தப் பளபளப்பை நம்பி மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பருவும் ரோமமும் முளைக்கும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒரு வாரத்தில் பளிச்சென்று மாறுகிறதே என்று மகிழ்வதற்கு முன், அந்த ட்யூபைத் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ட்ரெட்டினாயின் அவ்வளவு சீக்கிரம் பலன் காட்டாது.

(தொடரும்)

அடுத்த வாரம்: சன்ஸ்கிரீன் – எவ்வளவு, எப்போது?