கூதிர்ச் சோர்வும் தைராய்டு நோயும்

பொழுதுக்கும் உள்ளத்துக்கும் உள்ள தொடர்பைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர். ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்ததோடு அமையாது, அவற்றை அகத்திணைகளுக்கு உரியனவாகவும் தொல்காப்பியர் அமைத்தார். கார் முல்லைக்கும், கூதிர் குறிஞ்சிக்கும் உரியவாயின. ஆதலின் மழைநாளில் மனம் வாடுமாயின், அதனைப் பொழுதின்மேல் ஏற்றிச் சொல்லுதல் நமக்கு இயல்பாயிற்று. எனினும் வாட்டமெல்லாம் பொழுதால் வருவதன்று. கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு என்னும் சிறு சுரப்பி தளரினும் அதே வாட்டம் தோன்றும். இவ்விரண்டையும் பகுத்தறியும் வகை யாதென, சென்னையில் வாழ்வோரை உளங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பருவச் சோர்வு என்பது ஆண்டுதோறும் ஒரே காலத்தில் தோன்றிப் பருவம் மாறியதும் நீங்கும் மனத்தளர்ச்சி. 1984-ஆம் ஆண்டில் நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் இதனை விரித்துரைத்தனர். மிகுந்த உறக்கம், மாப்பண்டங்களில் வேட்கை, உடல் பருத்தல், எதிலும் ஊக்கமின்மை என்பன இதன் குறிகள். குளிர்காலத்தில் ஒளி குறைதலே இதற்குத் தலையாய காரணம் என்பர். இலண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி வேறுபாடு உண்டு; சென்னையிலோ அது ஒன்றரை மணியளவே. ஆகவே அந்நாட்டார்க்கு வரும் நோய் அதே வலிமையோடு இங்கு வரும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

அதனால் நம் ஊரில் பொழுது மனத்தைத் தாக்குவதே இல்லை எனவும் கொள்ளற்க. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி கார்த்திகையில் நாட்கணக்கில் கதிரவனைக் காணாதிருத்தலும், வீட்டினுள் அடைபட்டுக் கிடத்தலும் உள்ளத்தைச் சோர்விக்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு பெருகி மனைகளுள் புகுந்ததைக் கண்டோர்க்கு மழையொலியே அச்சந்தருதல் வியப்பன்று. ஆனால் பொழுதால் வந்தது பொழுதோடு போதல் வேண்டும். மயிலாப்பூரில் மார்கழிக் கோலங்கள் மறைந்து, தை பிறந்து, பங்குனி வெயிலும் வந்தபின்னரும் நீங்காத சோர்வுக்குக் கூதிரைப் பழித்தல் முறையன்று.

இனித் தைராய்டின் இயல்பைக் காண்போம். இச்சுரப்பி வெளிவிடும் தைராக்சின் என்னும் நீர், உடல் வெப்பத்தையும், நெஞ்சத் துடிப்பையும், குடலின் இயக்கத்தையும், மூளையின் விரைவையும் ஒருங்கே நடத்துவது. அது குறையின் எல்லாம் மந்தமாகும். ஈண்டு நாம் கருதற்குரிய வினாக்கள் நான்கு. முதலாவது, தியாகராயநகர்க் கடைத்தெருவில் ஏனையோர் வியர்த்து நிற்கும் சித்திரையிலும் ஒருவர்க்குக் குளிர்கின்றதா? இரண்டாவது, காற்றில் ஈரம் மிகுந்த இந்நகரிலும் தோல் வறண்டு, தலைமயிர் உதிர்கின்றதா? மூன்றாவது, குரல் கரகரத்து, முகம் ஊதி, மலச்சிக்கல் மிகுகின்றதா? நான்காவது, மகளிர்க்கு மாதவிலக்கு முறைபிறழ்ந்ததா? மனச்சோர்வோடு இவையும் கூடின், சுரப்பியை ஐயுறல் வேண்டும்.

இவ்வையம் வீணன்று. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நிகழ்ந்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வயதுவந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேர்க்குத் தைராய்டுக் குறை உண்டெனக் கண்டது. நூற்றுக்கு மூவர்க்கு மேற்பட்டோர் அந்நோய் தமக்கு உளதென்பதையே அதுவரை அறியாதிருந்தனர். ஆண்களினும் பெண்களையே இது மிகுதியாகப் பற்றும். விடியலில் எழ இயலாத தாயைச் சோம்பேறி என்றும், வாய்திறவாத மருமகளைச் செருக்குடையவள் என்றும் வீட்டார் இகழும்போது, நோய்க்குமேல் பழியும் அவர்க்குச் சுமையாகின்றது. 1949-இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர், பித்துற்றவர் போலத் தோன்றிய 14 பேரின் வரலாற்றை எழுதினார். அவர்களைப் பிடித்திருந்தது தைராய்டுக் குறையே. சுரப்பி மருந்து பெற்றபின் அவருட் பலர் தெளிவடைந்தனர்.

குறிகள் ஒன்றோடொன்று மயங்குவதால் அவற்றை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் இயலாது. குருதிச் சோதனையே ஐயம் அகற்றும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டை வேலைவாங்கும் மேற்பார்வையாளன் போன்றது. வேலையாள் தளர்ந்தால் அவன் குரலை உயர்த்துவான், அக்குரலே டி.எஸ்.எச். என்னும் நீர். அது குருதியில் மிக்கிருப்பின் பெரும்பாலும் தைராய்டு தளர்ந்ததென்று பொருள். நாடோறும் வெறுவயிற்றில் கொள்ளும் தைராக்சின் மாத்திரை அக்குறையை நிரப்பும். விழுங்கி அரைமணி முதல் ஒருமணி நேரம் கழிந்தபின்னரே காப்பி பருகுதல் வேண்டும். அளவினை மருத்துவரே வகுத்தல் வேண்டும். பிறர் மாத்திரையை வாங்கி உண்டல் நெஞ்சிற்கு ஊறு விளைக்கும்.

சோதனையில் குறையொன்றும் இல்லையாயின், நோயே இல்லை என்று எண்ணற்க. மனத்தளர்ச்சியும் மருத்துவத்துக்குரிய நோயே. இரண்டும் ஒருவரிடம் ஒருங்கே இருத்தலும் உண்டு. இரு கிழமைக்கு மேல் வாட்டம் நீடிப்பின் மருத்துவரை நாடுக. வாழ்வை வெறுக்கும் எண்ணம் எழின் ஒருநாளும் தாழ்க்கற்க. 2022-இல் நடுவணரசு தொடங்கிய தெலிமானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பெறலாம். துன்புறுவாரைப் பழிக்குமுன், அத்துன்பத்தின் காரணத்தை வினவுதல் நம் எல்லோர்க்கும் கடனாகும்.