தட்டம்மையும் சத்துக் குறைவும்

ஒரே தெருவில் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இரண்டு வயது. ஒரே வாரத்தில் இருவருக்கும் தட்டம்மை கண்டது. ஒரு குழந்தைக்குச் சில நாள் காய்ச்சல் அடித்தது. உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு. பிறகு எல்லாம் இறங்கிவிட்டது. மற்றக் குழந்தைக்கோ மூச்சு இரைத்தது. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

கிருமி ஒன்றுதான். அப்படியானால் ஏன் இந்த வேறுபாடு?

தலைவிதி என்பார்கள் சிலர். அம்மன் கோபம் என்பார்கள் சிலர். மருத்துவமனையில் அந்தக் குழந்தையை முதலில் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

தட்டம்மையைச் சில ஊர்களில் மணல்வாரி என்றும் சொல்வார்கள். இது வைரஸ் என்னும் மிகச் சிறிய கிருமியால் வருகிறது. இருமினாலும் தும்மினாலும் காற்றில் பரவும். இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. "மருத்துவமனையில் ஊசி போடுகிறார்களே?" என்று கேட்கலாம். அது தட்டம்மையின் பின்னால் வரும் நிமோனியா போன்ற நோய்களுக்கு. தட்டம்மைக் கிருமியோடு உடம்பே போராட வேண்டும். போராடும் உடம்புக்குச் சத்து வேண்டும்.

நமது மூக்கு, தொண்டை, நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்புறத்தில் மெல்லிய தோல் உண்டு. வீட்டுச் சுவருக்குப் பூச்சு பூசுவது போல அது இருக்கிறது. தட்டம்மைக் கிருமி அந்தப் பூச்சைப் பெயர்த்துவிடுகிறது. நுரையீரலில் பெயர்ந்தால் வேறு கிருமிகள் உள்ளே புகுந்து நிமோனியா வருகிறது. குடலில் பெயர்ந்தால் வயிற்றுப்போக்கு வருகிறது. பெயர்ந்த பூச்சை மறுபடி பூச வைட்டமின் ஏ தேவை.

வைட்டமின் ஏ ஈரலில் சேமிக்கப்படுகிறது. கீரை, முட்டை, பால், மஞ்சள் நிறப் பழங்கள் தின்று வளர்ந்த பிள்ளைக்கு அங்கே இருப்பு இருக்கும். வெறும் கஞ்சியில் வளர்ந்த பிள்ளைக்கு இருப்பு குறைவு. தட்டம்மை வந்தால் இருக்கிற கொஞ்சமும் வேகமாகச் செலவாகிவிடும். அப்போது கண்ணும் கெடும். கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே போய்விடலாம். தட்டம்மைக்குப் பிறகு பார்வை இழந்த பிள்ளைகள் நம் நாட்டில் ஏராளம்.

இன்னொன்றும் நடக்கிறது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், உடம்புக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதல் உணவு தேவைப்படும். அதே நேரத்தில் வாயில் புண், பசியும் இல்லை. செலவு கூடுகிறது, வரவு குறைகிறது. சேமிப்பு இல்லாத குடும்பத்தில் திடீர்ச் செலவு வந்தால் என்ன ஆகுமோ, அதுதான் மெலிந்த குழந்தையின் உடம்பில் ஆகிறது.

மிகவும் மெலிந்த குழந்தைக்குக் காய்ச்சல் வராமலே போகலாம். கிருமியை எதிர்த்துச் சூடேறக்கூட அந்த உடம்பில் பலம் இருக்காது. "உடம்பு சுடவில்லையே, சரியாகிவிடும்" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். அது ஆபத்து. கை கால் சில்லிட்டுப் போவது காய்ச்சலைவிட மோசமான அறிகுறி.

சத்துக்கும் தட்டம்மைக்கும் உள்ள இந்தத் தொடர்பை முதலில் காட்டியவர்களில் ஒருவர் எல்லிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர். லண்டன் மருத்துவமனை ஒன்றில் தட்டம்மையோடு சேர்க்கப்பட்ட 600 குழந்தைகளை அவர் கவனித்தார். 300 பேருக்கு வைட்டமின் ஏ மிகுந்த எண்ணெய் கொடுத்தார். 300 பேருக்குக் கொடுக்கவில்லை. எண்ணெய் குடித்தவர்களில் 11 பேர் இறந்தனர். குடிக்காதவர்களில் 26 பேர் இறந்தனர். இது 1932இல் வெளிவந்தது. பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மலிவான மருந்து என்றால் உலகமும் மறந்துவிடும் போலும்!

1990இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து இன்னொரு முடிவு வெளிவந்தது. கடுமையான தட்டம்மையோடு வந்த 189 குழந்தைகளில் 92 பேருக்கு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அவர்களில் 2 பேர் இறந்தனர். கொடுக்காத 97 பேரில் 10 பேர் இறந்தனர். அதன் பிறகு சந்தேகம் நீங்கியது.

நம் நாட்டு நிலை என்ன? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். நூற்றுக்கு 19 பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள். 2022ஆம் ஆண்டின் கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவியது. கோவண்டி போன்ற நெருக்கமான குடிசைப் பகுதிகளில் அது அதிகம் தாக்கியது. குழந்தைகள் இறந்தார்கள். அதே சமயம் ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் ஆகிய இடங்களுக்கும் மத்திய அரசு மருத்துவக் குழுக்களை அனுப்ப வேண்டி வந்தது. தடுப்பூசி போடாத பிள்ளைகளும் மெலிந்த பிள்ளைகளும் ஒரே இடத்தில் நெருக்கமாக வாழ்ந்தால், கிருமிக்கு அதுவே வசதி.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? எடையும் உயரமும் பார்ப்பார்கள். மேல் கையைச் சுற்றி நாடாவால் அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான சத்துக் குறைவு.

தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுப்பார்கள். ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு ஒரு வேளைக்கு இரண்டு லட்சம் யூனிட். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை ஒரு லட்சம். அதற்கும் சிறிய குழந்தைக்கு ஐம்பதாயிரம். கண்ணில் கோளாறு இருந்தால் சில வாரம் கழித்து மூன்றாம் முறையும் உண்டு. அளவு மீறினால் இது கெடுதல் செய்யும். கடையில் வாங்கித் தாமாகக் கொடுக்கக் கூடாது.

மிகவும் மெலிந்த குழந்தைக்கு முதல் நாளே வயிறு நிறைய ஊட்ட மாட்டார்கள். தாய்மார்கள் இதைப் பார்த்துக் கோபப்படுவது உண்டு. பல நாள் பட்டினி கிடந்த உடம்பு, திடீரென்று நிறைய உணவைத் தாங்காது. இதயம் நின்றுபோகவும் கூடும். ஆகவே இரண்டு மணிக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் எழுப்பிப் பாலுணவு கொடுப்பார்கள். பல மாவட்டங்களில் இதற்கென்றே ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன.

வீட்டில் வேப்பிலை கட்டுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. பத்தியம் என்று சோற்றைக் குறைப்பதுதான் கெடுதல். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழைந்த சோறு, பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய், மசித்த கீரை, முட்டை, பப்பாளி, மஞ்சள் பூசணி எதுவும் கொடுக்கலாம். முருங்கைக்கீரை கொல்லையில் சும்மா கிடைக்கும்! மூச்சு வேகமாக இழுத்தாலும், குடிக்க மறுத்தாலும், கண் கலங்கி வெளுத்தாலும் உடனே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தடுப்பூசி இரண்டு முறை இலவசமாகப் போடப்படுகிறது. 9 முதல் 12 மாதத்துக்குள் முதல் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது.

தட்டம்மை இறங்கிய பிறகும் பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள், குழந்தையின் எதிர்ப்புச் சக்தி குறைந்தே இருக்கும். அந்த நாட்களில் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும். மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை பார்க்க வேண்டும். எடை ஏறவில்லை என்றால், காரணம் என்ன என்று அங்கேயே கேட்கலாம்.